தனுசியா வந்திருக்கிறாள்

ஜப்பானிய மொழி படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்து வெளிநாடு போன தனுசியா, நாலே மாதத்தில் படிப்பை விட்டுவிட்டு நீர்வேலிக்குத் திரும்பியிருந்தாள். வந்து ஒரு கிழமையாகியும் அயலில் ஒருவருக்கும் தெரியாது. அவள் போகும்போது ஊரைக் கூட்டி விருந்து வைத்த தகப்பன் தம்பிராசாவுக்கு அதை வெளியில் சொல்ல வெட்கம். சந்தைக்குப் புறப்படுமுன் மகளுக்கு ஒரு துண்டு எழுதினார்.

"பிள்ளை, புட்டு அவிச்சு மூடி வைச்சிருக்கிறன், சாப்பிடு. பத்து மணிக்கு இராசதுரை மாமா வாழைக்குலை ஏத்த வருவார். குலை வாசல் கேற்றடியிலை கிடக்கு. அவர் போகுமட்டும் நீ வெளியிலை வராதை."

எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தார். என்ன களவு செய்தாள் என்று பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறேன்? கடைசி வரியை வெட்டிவிட்டு, கீழே மிஞ்சிய இடத்தில் நெருக்கி எழுதினார்.

"மாமாவை உள்ளை கூப்பிட்டுத் தேத்தண்ணி குடு. எப்ப வந்தனி எண்டு கேட்டால் உள்ளதைச் சொல்லு.

நேற்று நீ அழேக்கை நான் எழும்பிப் போனது பிழை. அங்கை உனக்கு என்ன நடந்ததெண்டு இன்னும் நான் கேக்கேல்லை. பின்னேரம் வந்து கேக்கிறன்."