பத்து மணிக் கட்டம்

அன்புள்ள மகளுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மனைவி போன மாதம் ஒன்பதாம் தேதி காலமாகிவிட்டாள்.

ஆனால் உன் ஆராய்ச்சிக்காக நான் நிரப்பி அனுப்பிய தாள்களில் இருபத்தாறாம் தேதி வரைக்கும் அவளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைத்ததாக இருக்கும். இடது, வலது, மல்லாந்து. தோல் சிவக்கவில்லை என்றுகூட எழுதியிருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன். அந்தப் பதினேழு நாளையும் தயவுசெய்து அடித்துவிடு.

வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களுக்குப் புண் வராமல் பார்ப்பது எப்படி என்றுதான் நீ டாக்டர் பட்டத்துக்கு ஆராய்கிறாய். நாளைக்கு அதைப் படித்துவிட்டு எங்கோ ஒரு நர்ஸ் யாரையோ திருப்பப் போகிறாள். என் பொய் அங்கே போய் நிற்கக் கூடாது. முப்பத்தொரு வருஷம் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்து எழுதியவன் நான். பூட்டிய வீட்டுக்கு உத்தேசமாக ஓர் எண்ணைப் போடு என்று மேலதிகாரி சொன்னபோதும் போட்டதில்லை.

மகன் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனான். அவன் போனதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மணி எட்டானால் உன் தாள் மட்டும்தான் எனக்கு ஒரு வேலை சொன்னது. விட்டுப்போன நாலு நாளுக்கும் சேர்த்து எழுதினேன். தவிர, ஆறு மாதம் முடியுமுன் தாள் எழுதுவதைப் பாதியில் நிறுத்தியவர்கள் அதிகம் என்று நீ போனில் வருத்தப்பட்டாயே, அதை அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பொண்ணு பரீட்சைல நம்மளால ஃபெயிலாகக் கூடாது, ஒழுங்கா எழுதுங்க என்று பக்கவாதத்தில் கோணிய வாயால் என்னை மிரட்டினாள். இது பரீட்சை இல்லை என்று நான் எத்தனை சொல்லியும் அவளுக்கு ஏறவில்லை.

இன்னொன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதமே. ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக் கட்டத்தில் ‘வலது’ என்று இருக்கும். அதுவும் பொய். திருப்பப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இப்ப வேணாங்க, இப்படியே படுத்திருந்தா உங்க முகம் தெரியுது என்றாள். ஐந்து மாதத்தில் அவள் வேண்டாம் என்று சொன்னது அன்று ஒருநாள்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணி ஆவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

டாக்டர் இதயம் என்றார். மகன் வயசு என்றான். எனக்கு அந்தக் கட்டம்தான் கண்ணிலேயே நிற்கிறது. திருப்பியிருந்தால் இருந்திருப்பாளா? நீ இதையே படிக்கிறவள். தப்பென்றால் தப்பென்றே எழுது, மகளே. என் ஆறுதலுக்காக எதையும் எழுத வேண்டாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. படிப்பு நல்லபடியாக முடியட்டும். உன் கை பட்ட யாருக்கும் முதுகில் ஒரு புண் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
‘கவனிப்பவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு வந்தவன்