நோயாளி அமைதியாக இருக்கிறார்

அட்லாண்டா
மார்ச் 6, 2023

அன்புள்ள வெர்லீன் அக்காவுக்கு,

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். கெண்ட்ரா விட்டுப்போன பேத்தி ஜோசிக்குப் பல் முளைத்துவிட்டதா? நாங்கள் நலம்.

என் மகள் ரெனிட்டாவுக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை உறுதியாகிவிட்டது. பிரசவத்திலும் அதற்குப் பிறகும் நம் கறுப்புப் பெண்கள் வெள்ளைக்காரப் பெண்களைவிட ஏன் இவ்வளவு அதிகமாகச் சாகிறார்கள் என்று ஆராயப் பன்னிரண்டு பேருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். பாடம் நடத்துகிறவர்களில் இவளும் ஒருத்தி. அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கெல்லாம் அத்துப்படியாம். ஒரு மருத்துவமனைக் குறிப்பைப் படித்து, அதில் எழுதாமல் விட்டது என்ன என்று கேட்கத்தான் தெரியவில்லையாம்.

அக்கா, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நம் கெண்ட்ராவின் குறிப்பை அவர்களுக்குப் பாடமாக வைக்க ஆசைப்படுகிறாள். தாயான நீ கையெழுத்துப் போட்டால்தான் முடியும். தாள் இதோடு இருக்கிறது. பெயரை மறைத்துவிடுவார்கள்.

உன் தங்கை
ஓடெஸா


செல்மா
மார்ச் 19

ஓடெஸாவுக்கு,

ஜோசிக்கு எட்டுப் பல். என் விரலைக் கடிக்கிறாள். உன் தாள் வந்தது, நான் கையெழுத்துப் போடவில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், சுற்றி வளைக்கத் தெரியாது. எனக்கு உன் மேல் பொறாமை. போன ஞாயிறு சர்ச்சில் போதகர் ரெனிட்டாவின் பெயரைச் சொல்லி, எல்லாரையும் எழுந்து கைதட்டச் சொன்னார். நான் உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்தில் இருந்த பியூலா, "என்ன வெர்லீன், முட்டி பிடிச்சுக்கிச்சா?" என்றாள். "ஆமா, ரெண்டும்" என்றேன். என் முட்டிக்கு ஒன்றுமில்லை.

ஒன்பது வயதில் உன் மகள் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, "பெரியம்மா, கீரையில உப்பே இல்ல" என்றாள். எழுப்பி வெளியே உட்கார வைத்தேன். என் கெண்ட்ரா ஒரு சொல் எதிர்த்துப் பேசமாட்டாள். அதைச் சொல்லிச் சொல்லி உன்னைக் குத்தியிருக்கிறேன். பிறகு இரண்டு பேருமே பிள்ளை பெற்றார்கள். மூச்சு முட்டுகிறது என்று ரெனிட்டா ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினாளாம். அவளுக்கு ஐந்து டாக்டர்கள் ஓடி வந்தார்கள். என்னுடையவளுக்கு யாரும் வரவில்லை.

வாயாடிக்கு மேடை, அடங்கினவளுக்கு மண். இப்போது அந்தச் சாவையும் கொடு என்கிறாய். என்னிடம் மிச்சம் இருப்பது அதுதான். அதை உன் மகள் எடுத்துப் பெயர் வாங்க விடமாட்டேன்.

வெர்லீன்


அட்லாண்டா
ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டியதை வாங்கிக்கொண்டேன். கடிதத்தை ரெனிட்டாவிடம் காட்டினேன். "பெரியம்மா போட வேணாம்மா, விடு" என்று சொல்லிவிட்டாள்.

அடக்கத்தின்போது, உனக்குப் படித்துச் சொல்ல அவளிடம் குறிப்பின் ஒரு நகல் கொடுத்தாயே, அதில் அவள் உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒரு வரி இருக்கிறதாம். பிரசவம் ஆகி ஐந்தாம் நாள் கெண்ட்ரா தலைவலி என்று போனபோது ரத்த அழுத்தம் நூற்று எழுபது. அதற்குக் கீழே நர்ஸ் எழுதியிருக்கிறாள்: "நோயாளி அமைதியாக இருக்கிறார். நன்றாக உடுத்தியிருக்கிறார். வேதனை எதுவும் தெரியவில்லை."

"இதப் படிக்கிறவன் அவ நல்லாத்தான் இருந்திருக்கான்னு நெனச்சுட்டுப் போயிடுவான்மா. அவ ஏன் அப்படி உடுத்திட்டுப் போனான்னு உனக்கும் எனக்கும் தெரியும். ஆனா அத நான் சொல்லக் கூடாது" என்றாள் ரெனிட்டா.

உன்னைக் கட்டாயப்படுத்த எழுதவில்லை. மறைத்து வைக்க மனம் வரவில்லை.

ஓடெஸா


செல்மா
ஏப்ரல் 16

அன்புள்ள ஓடெஸாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு நான்கு நாள் ஜோசிக்குச் சோறு ஊட்டினேன், துணி துவைத்தேன், அவ்வளவுதான்.

அன்று காலை அவள் கசங்கின சட்டையோடு, தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் கிளம்பினாள். நான்தான் கதவை மறித்தேன். "இந்தக் கோலத்துல போனா போதை மாத்திரைக்கு வந்தவள்னு நெனப்பாங்க. சர்ச் டிரஸ்ஸப் போடு" என்றேன். "கண்ணு கூசுதும்மா, முடியல" என்றாள். உட்கார வைத்துத் தலை சீவினேன். உதட்டுச் சாயம் கூட நானே போட்டுவிட்டேன். "கத்தாத. மேடம்னு கூப்பிடு. அப்பத்தான் மதிப்பாங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

அவள் அப்படியே செய்தாள். ஒரு வலி மாத்திரையோடு திரும்பி வந்தாள். மறுநாள் மதியம் போய்விட்டாள்.

நம் அம்மா நமக்குச் சொன்னதைத்தான் நான் சொன்னேன். நீயும் உன் மகளுக்கு அதைத்தான் சொல்லி வளர்த்தாய். உன்னுடையவள் கேட்கவில்லை, என்னுடையவள் கேட்டாள். இந்தப் பொறாமை போகும் என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். பெயரை மறைக்க வேண்டாம். நர்ஸ் எழுதினதை அவர்கள் படிக்கட்டும். எழுதாததை நான் வந்து சொல்கிறேன். வேறு யாரும் சொல்லக் கூடாது.

மே ஒன்பதாம் தேதி பஸ்ஸில் வருகிறேன். ஜோசியையும் கூட்டி வருகிறேன். அன்று அவளை வைத்துக்கொண்டு நீ வீட்டிலேயே இரு. வகுப்புக்கு வராதே. நீ உன் மகளைப் பார்த்துப் பூரிப்பதைக் கண்டால் எனக்கு வாய் திறக்காது. அந்த ஒரு பகல் ரெனிட்டா என் பக்கத்தில் உட்காரட்டும். சாயந்திரம் உன்னிடம் அனுப்பிவிடுகிறேன்.

உன் அக்கா
வெர்லீன்