ஜதுர்சன் பெயரில் நிற்கும் கார்

ரூஜ், ரொறன்ரோ

அன்பு மகள் நிலாணிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். அங்கே அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்ட பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. பதிலைப் போனில் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. நீ ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பாய், மாப்பிள்ளையின் தம்பி ஜதுர்சன் உங்கள் சாப்பாட்டு மேசையில்தான் இருப்பான்.

நீங்கள் கொம்பியூட்டரில் அனுப்பிய ரக்ஸ், அந்த வருமான வரிப் படிவம், திரும்பி வந்தது கொம்பியூட்டரின் பிழை அல்ல. இதை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை, அமெரிக்க வரிப் பக்கங்களை நானே இருந்து வாசித்தேன். பற்றரியில் ஓடும் கார் வாங்கினால் கிடைக்கும் வரிச் சலுகை, விற்ற டீலர் யாருடைய பெயரையும் வரி இலக்கத்தையும் அந்தக் காரோடு சேர்த்துப் பதிந்தானோ அவருக்குத்தான். காசு கட்டியது நீ, ஓடுவது நீ, பதிவு ஜதுர்சன் பெயரில். பிறகு எப்படி ஏற்றுக்கொள்வார்கள்?

இதற்கும் நான்தான் காரணம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். உனக்கு ஏழரைச் சனி, அவருக்கு அட்டமத்துச் சனி, இப்போது வாகனம் வேண்டாம், பொறுங்கள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். செப்ரெம்பரோடு சலுகை முடிகிறது என்று அவசரப்பட்டு, சனியை ஏய்க்கலாம் என்று தம்பியின் பெயரில் எழுதியது நீங்கள் இருவரும். நான் பஞ்சாங்கம் பார்த்ததில் ஒரு பிழையும் இல்லை, இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்லுவேன்.

இனி நீ அறியாத ஒன்று. இங்கே பிறம்ரனில் என் சிநேகிதன் இராஜரட்ணம் வீட்டுப் பிறந்தநாளுக்கு ஜதுர்சன் வந்திருந்தான் அல்லவா. நான் பின்னால் நிற்பது தெரியாமல் இராஜரட்ணத்திடம், அது என்ர காரெல்லோ அங்கிள், அண்ணையும் அண்ணியும் சும்மா ஓடித் திரியினம், அந்தச் சலுகையையும் நான் என்ர ரக்ஸில எடுத்திட்டன் என்று சொன்னான். எட இவன் கெட்டிக்காரன் என்று மேசையே சிரித்தது. அதே வாயால்தான் உங்களிடம், ரக்ஸைப் பேப்பரில எழுதித் தபாலில போடுங்கோ, அங்க ஒருதரும் பார்க்கமாட்டினம் என்கிறான். பார்ப்பார்கள் பிள்ளை. ஒரே காருக்கு இரண்டு பேர் கேட்டிருப்பதைப் பார்ப்பார்கள். பொய்யின் கீழே இருக்கப்போவது உன் கையெழுத்து, கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவளும் நீ. அந்தப் பேப்பரில் கைவைக்காதே. சலுகை கேட்ட பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தைத் திரும்பவும் கொம்பியூட்டரிலேயே அனுப்பு. சலுகை போகட்டும்.

ஆனால் கார் போகக்கூடாது. அதை உன் பெயருக்கு மாற்ற அவன் கையெழுத்து வேண்டும். உனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டாமல், நல்லாகச் சமைத்துப் போட்டு, சிரித்த முகத்தோடு வாங்கு. கடிதம் கிடைத்த கையோடு, காரை அவன் கொண்டுபோகும் முன் வாங்கு. இனிச் சனி பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை என்று அம்மா சொல்கிறா. நான் அப்படிச் சொல்லவில்லை. சனிக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டுப் போய்க் கேள் என்கிறேன். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் கையெழுத்து வாங்கிய பிறகு காட்டு. முதலே காட்டினால் தம்பியிடம் போய்க் கத்துவார், காரியம் கெட்டுவிடும்.

நல்லூர்க் கந்தன் உங்கள் வாசலில் நிற்கட்டும். காரைப் பூட்டித் திறக்கும் இரண்டாவது திறப்பை அவன் கேட்டான் என்று நேற்று நீ சிரித்துக்கொண்டு சொன்னாய். கொடுக்காதே. தொலைந்துவிட்டது என்று சொல். அரசாங்கத்துக்குத்தான் பொய் எழுதக்கூடாது.

உன் அப்பா,
தியாகலிங்கம்