செவுத்து ஓட்டைய அடைச்ச கூத்து

வாலிகண்டபுரத்துல என்னைய ஏசிக்கிட்டே சௌரியமா இருக்குற பொன்னாயிக்கு, கோத்தகிரி மலையிலேர்ந்து ஒன் வூட்டுக்காரன் பூமாலை எழுதுறது. மூட்டுவலி தேவலையா? எனக்கு ஒரு கொறச்சலும் இல்ல.

போன் எடுக்கலன்னு கோவப்படாத. செல்லு மண்ணுக்குள்ள கெடக்கு, இனிமே மண்புழுதான் எடுக்கும்.

பயப்படாத, நாங்க எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தோம். மலை சரியாம இருக்க ரோட்டோரம் செவுரு கட்டி, மழைத்தண்ணி வடிய ஓட்டை உட்டிருந்தோம். பெரிய ஆபீசர் பாக்க வராராம், ஓட்டை அசிங்கமா இருக்காம். சூப்பர்வைசர் சிமெண்டால அடைச்சு பெயிண்டும் அடிக்கச் சொல்லிட்டான். மழை பேஞ்சு, தண்ணி போவ வழியில்லாம மண்ணு ஊறி, செவுத்தோட எங்க கொட்டாய் மேல வுழுந்துடுச்சு. அவனக் கேட்டா மழையால இடிஞ்சிச்சாம். மழையா சிமெண்டு பூசுச்சி? "ஒன் மூத்திரத்த அடைச்சு வச்சா நீ நிப்பியாடா?"ன்னு கேட்டுட்டேன்.

அடுத்த வளைவு செவுத்துலயும் இப்படித்தான் அடைச்சு வச்சிருக்கானுவ. அதுக்குக் கீழதான் தேயிலை பறிக்கிற பொம்பளைங்க பஸ்சுக்கு நிக்கிறாங்க. நான் கடப்பாறைய எடுத்து ஓட்டைய தொறந்துகிட்டு இருக்கேன்.

"யோவ் பெருசு, ஊருக்கு அனுப்பிடுவேன்"ங்கிறான் சூப்பர்வைசர்.

"அனுப்புய்யா, ஒன்னவிட சத்தமா ஏச அங்க ஒருத்தி இருக்கா"ன்னேன்.

இந்தக் கடுதாசிய கொண்டார அரியலூரு சிமெண்டு லாரி டிரைவர்கிட்டயே நார்த்தங்கா ஊறுகா குடுத்தனுப்பு. ஒன் பழைய சீலை ஒண்ணும் வையி. இப்ப குடுத்திருக்குற கம்பளி ஒடம்ப அரிக்குது.

லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான். பாதி ஓட்டை இன்னும் பாக்கி கெடக்கு. அதையும் தொறந்துட்டேன்னா சூப்பர்வைசர் நிச்சயம் ஊருக்குத் தொரத்திடுவான், அப்ப சீலை அனுப்ப வேணாம்.

பூமாலை