"மாமு" என்று அவள் கூப்பிட்ட நாள்

இன்று காலை திருவொற்றியூரில் என் முழங்காலுக்கு மின்சாரம் வைத்தார்கள். பசை தடவிய பட்டைகள், கைக்கு அடக்கமான பெட்டி. நம் காலத்து உப்புத்தண்ணீரில் நனைத்த துணியின் வாடை இல்லை. ஆனாலும் தோலுக்கடியில் எறும்பு ஊர்ந்ததும் உன் நினைவு வந்தது. கூடவே பழைய எரிச்சலும்.

ராயபுரத்து ஆஸ்பத்திரியின் கரண்டு ரூமில் நாம் இருவரும் வேலை பார்த்த அறுபதுகளில், கல்மண்டபத்தில் மீன் விற்கும் ஞானம்மா முகவாதம் கண்டு வந்தாள். வாய் ஒருபக்கமாக இழுத்திருந்தது. மத்தி, மடவை, பாறை: இந்த மீன் பெயர்களை உதடு ஒட்டாமல் எப்படிக் கூவுவது? கூடையைத் தொட்டுப் பல நாளாகியிருந்தது. "ஜனங்க சிரிக்கிது சார்" என்றாள்.

பதினெட்டு நாள் நான்தான் மின்சாரம் வைத்தேன். புத்தகப் படத்தில் புள்ளியிட்ட இடங்களை அளந்து வைத்து, மீட்டர் முள்ளையே பார்த்திருப்பேன். அவள் கண் கலங்கினால் உடனே குமிழைக் குறைத்துவிடுவேன். என்னைச் சார் என்பாள். அதைச் சொல்ல உதடுகள் ஒட்ட வேண்டியதில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

பத்தொன்பதாம் நாள் நீ வந்து நின்றாய்.

"இன்னா வாத்யாரே, முள்ளயே பாத்துகினு கீற? அது மூஞ்சியப் பாரு!"

துணியை முதலில் உன் கன்னத்தில் வைத்துக் குமிழைத் திருகினாய். உன் வாய் காதுவரை போனது. அவள் பாதி முகத்தால் சிரித்தாள். பிறகு அவள் கன்னத்தில் வைத்தாய், நான் தொடாத எண்வரை.

"என்ன மாமுன்னு கூப்டு. அப்பதான் வுடுவேன்."

உதடுகள் நடுங்கின, நெருங்கின, ஒட்டின.

"போ மாமு! மூஞ்சியப் பாரு!"

நரம்பு தானாகத் தேறும் காலமும் அதுதான் என்று புத்தகத்தில் இருக்கிறது. என் பதினெட்டு நாளும் அதில் சேராதா? சேரும் என்றே எனக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவள் அழைத்தது உன்னை.

அடுத்த வாரம் அவள் கூவி விற்கத் தொடங்கியதும் பெரிய டாக்டர் வந்து, யார் செய்தது என்று கேட்டார். "நம்ம வாத்யார்தான் சார். நான் சொம்மா தமாஷ் பண்ணிகினு இருந்தேன்" என்று என் பெயரைச் சொன்னாய். அவர் என் தோளைத் தட்டினார். நான் மறுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காகவும் உன்மேல் பொறாமைப்பட்டேன்.

நீ போன பிறகு, ஓய்வுபெறும்வரை, மின்சாரத்தை என் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிக்கு வைத்தேன். வலிக்கத்தான் செய்தது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் வியந்து, யாரிடம் கற்றீர்கள் என்று கேட்பார்கள். ஒருமுறைகூட உன் பெயரைச் சொன்னதில்லை.

இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை, பார்.