ஒட்டுப்போட்ட தலையணை உறை

அன்புள்ள அம்மாவுக்கு நதியா எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படியிருக்கிறது? போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

மூன்று வருடம் நான் ஆராய்ந்த கணிதம் இங்கே பனியன் கம்பெனியில் வேலைக்கு வந்துவிட்டது. எந்தத் துண்டை எங்கே வைத்து வெட்டினால் துணி வீணாகாது என்று கம்ப்யூட்டரே சொல்கிறது. கட்டிங் வேஸ்ட் பாதியாகிவிட்டது. முதலாளி ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்.

நான் குடியிருக்கும் மண்ணரையில் பக்கத்து அறை சுப்பாத்தாள் அக்கா, எங்கள் கம்பெனி வேஸ்டை வாங்கித்தான் குழந்தைகளுக்கு ஜட்டி தைத்துப் பிழைக்கிறார். நேற்று மூட்டையைக் கொட்டிக் காட்டினார்.

“கட்டிங் மாஸ்டருக்கு என்னாச்சோ தெரியலை கண்ணு, எல்லாம் நாடாவாட்டம் வருது. இனி மெஷினை வித்துப்போட வேண்டியதுதான்.”

நான் ஸ்வீட் பாக்ஸை அவரிடம் நீட்டினேன்.

“எதுக்குக் கண்ணு இது?”

எனக்குப் பிறந்தநாள் என்று பொய் சொன்னேன்.

இன்று காலை, மிச்சமிருந்த நல்ல துண்டுகளையெல்லாம் ஒட்டுப்போட்டு எனக்கொரு தலையணை உறை தைத்துக் கொண்டுவந்தார்.

கவலைப்பட ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன். ஊரிலிருந்து யாராவது வந்தால் என் பழைய தலையணையைக் கொடுத்துவிடுங்கள். உறையோடு கொடுங்கள். கம்பெனி வண்டி வந்துவிட்டது.

உங்கள் நதியா