முதல் ஞாயிறும் அக்காவும்

யூலை 1, செவ்வாய்

விடியவே மழை. பல்கனிக் கொடியில் போட்டதெல்லாம் திரும்ப உள்ளே. கடற்காற்றுக்குத் துவாய் எதுவும் காயாது, வெள்ளவத்தையில் இந்த மாதம் முழுக்க இதே கதை.

சனிக்கிழமை மகன் ஜோயலுக்கு ஞானஸ்நானம். எட்டு வயது முடிந்துவிட்டது. எங்கள் மோர்மன் சபையில் எட்டுக்கு முன் கொடுப்பதில்லை, பிள்ளை தானே விளங்கி ஓம் என்று சொல்ல வேண்டும். இவன் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லுகிறவன். தலைக்கு எண்ணெய் வைப்பதற்கு மட்டும் மாட்டேன்.

செய்ய வேண்டியவை: வெள்ளைக் காற்சட்டை (சபையில் தந்தது நீளம், கரை மடித்துத் தைக்க). பெரிய துவாய் இரண்டு. கேக், சகோதரி வ. கொண்டு வருவா. அக்காவுக்குச் சொல்ல.

கடைசியைத்தான் நாள் முழுக்கத் தள்ளிப்போட்டேன். பின்னேரம் எடுத்தேன். கோயிலில் நவநாள் பூசை முடிந்து கொட்டாஞ்சேனைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறாளாம். சொன்னேன். ஹோர்ன் சத்தத்துக்கு மேலாகக் கத்தினாள்.

"எட்டு வருசத்துக்குப் பிறகு இப்பதான் பிள்ளைக்குத் தண்ணி ஊத்தப் போறியளோ?"

"நீங்க வந்தா நல்லாயிருக்கும் அக்கா."

"பாப்பம்."

அக்காவின் "பாப்பம்" என்றால் இல்லை. எனக்குப் பாவாடை கட்டத் தெரியாத வயதிலிருந்தே தெரியும்.

யூலை 3, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. துவாய் காய்ந்தது. காற்சட்டைக் கரை மடித்தாயிற்று, ஒரு கால் மற்றதைவிடச் சற்று நீளம். தண்ணீருக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்.

தைக்கும்போது அந்த மற்றச் சட்டையின் நினைப்பு. ஜோயல் வயிற்றில் இருக்கும்போதே அக்கா தைத்து வைத்தது, வெள்ளை, கழுத்தைச் சுற்றி லேஸ். மூத்தவள் றூத்துக்கு அக்காதான் ஞானத்தாய். இவனுக்கும் தான்தான் என்று சுவாமியிடம் நாளும் கேட்டு வைத்திருந்தாள். அதற்குள் நாங்கள் கத்தோலிக்கத்தை விட்டு இந்தச் சபைக்கு மாறிவிட்டோம். குழந்தைக்கு இப்போது வேண்டாம் என்று நான்தான் போய்ச் சொன்னேன். அக்கா சண்டை பிடிக்கவில்லை. சட்டையை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். அதோடு இந்த வீட்டுப் படி ஏறுவதை விட்டாள்.

நாங்கள் போனால் கதைப்பாள், சோறு போடுவாள், கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுப்பாள். இங்கே வரக் கேட்டால் மட்டும் ஒரே பதில். "தேயிலையும் வைக்காத வீட்டுக்கு நான் என்னத்துக்கு?"

எங்கள் சபையில் தேநீர் குடிப்பதில்லை; அதை விட்டது பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. கொஞ்ச நாள் தலையிடி, அவ்வளவுதான். நாலு மணியைத்தான் விட முடியவில்லை. அம்மா போன பிறகு அக்காதான் என்னை வளர்த்தாள். துறைமுகத்தில் கிளாக் வேலை. வந்ததும் சேலையும் மாற்றாமல் குசினியில் நின்று பிளேன்டீ ஊற்றுவாள். என் உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி. ஒரு நக்கு, ஒரு மிடறு. அன்று நடந்ததெல்லாம் அப்போதுதான் கதைப்போம். இப்போதும் நாலு மணியானால் குசினிக்குள் போய் நிற்கிறேன், செய்ய ஒன்றும் இருக்காது.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு உபவாசம். ஒரு கருத்துக்காக வேண்டிக்கொண்டு இரண்டு நேரம் சாப்பிடாமல், குடிக்காமல் இருப்போம். ஜோயலின் அப்பா வேலைக்காக, பிள்ளைகளுக்காக என்று மாற்றி மாற்றி வைப்பார். என் கருத்து வருடக்கணக்காக ஒன்றுதான். கடவுளுக்கே அலுத்திருக்கும்.

யூலை 5, சனி

காலை தூறல். சபையில் ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீர் பச்சைத் தண்ணீர், ஹீட்டர் வேலை செய்யவில்லை.

அப்பாவும் மகனும் வெள்ளையில் இறங்கினார்கள். இவர் ஜெபம் சொல்லிப் பிள்ளையைப் பின்னால் சாய்த்தார். எல்லாம் தாழ்ந்தது, கால் பெருவிரல் மட்டும் மேலே. ஒரு நகம் வெளியே நின்றாலும் செல்லாது. சாட்சிக்கு நின்ற சகோதரர் தலையாட்டினார். மறுபடி. இரண்டாம் தரம் முழுக்கப் போனான், மூக்கால் தண்ணீர் வர எழும்பினான். றூத் சிரித்துவிட்டாள். நானும்.

முன்வரிசையில் ஒரு கதிரையில் என் கைப்பையை வைத்திருந்தேன். கடைசி வரை கைப்பைதான் இருந்தது.

பின்னேரம் ஐந்துக்கு போன். அக்கா.

"தண்ணி குளிரோ?"

"குளிர்தான். ரெண்டு தரம் முக்கினது." விரல் கதையைச் சொன்னேன். சிரித்தாள். போனில் அவள் சிரித்து எத்தனை காலம்.

"நாளைக்குப் பூசை முடிய வாறன். மத்தியானச் சாப்பாடு வை."

"வாங்கோ அக்கா, வாங்கோ." வாய் முந்திவிட்டது. போனை வைத்துவிட்டு அந்த இடத்திலேயே நின்றேன்.

றூத் தலை நிமிராமல்: "அம்மா, நாளைக்கு முதல் ஞாயிறு."

பதின்மூன்று வயது. இப்படியான விஷயத்தை மட்டும் மறக்கமாட்டாள்.

திரும்ப எடுத்து வேறு நாள் சொல்லலாமா? சொன்னால் அக்கா "பாப்பம்" என்பாள். உபவாசத்தை முறித்துவிட்டு அவளோடு சாப்பிடலாமா? முறிக்கலாம், யாரும் அடிக்க வரமாட்டார்கள். ஆனால் இத்தனை மாதம் கேட்டது இதற்குத்தானே. தந்த கையோடு சோற்றில் கை வைக்க மனம் வரவில்லை.

இவர்: "நீ அக்காவுக்குச் சமை. நாங்கள் பக்கத்தில இருப்பம்."

அக்கா தனியாகச் சாப்பிடும் ஆளா? ஆண்களுக்கு எல்லாம் லேசு.

ஞாயிறில் நாங்கள் கடைக்குப் போவதில்லை. குடையோடு சந்தைக்கு ஓடினேன். மீன்காரர் கடை கட்டுகிற நேரம். "அத தோரா ஹொந்தய் நோனா" என்று சிங்களத்தில், இன்றைய மீன் நல்லதென்று சத்தியம் பண்ணித் தந்தார். அறுக்குளா ஒரு துண்டு, முருங்கைக்காய், பருப்பு, வட்டிலப்பத்துக்குக் கித்துள் கருப்பட்டி. தேயிலைத் தட்டு முன்னால் ஒரு நிமிடம் நின்றேன். வாங்கவில்லை.

யூலை 6, ஞாயிறு

மழையில்லை. காலை சபையில் ஜோயலின் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். அவன் வயிறு இரைந்தது எனக்கே கேட்டது. உனக்குக் கட்டாயமில்லை என்று சொல்லியும் முதல் உபவாசத்தை விடமாட்டேன் என்கிறான்.

ஒரு மணிக்கு அக்கா. பூசைக்கு உடுத்த நீலச் சேலை. படியில் மூச்சு வாங்கினாள். முழங்கால் நோவாம், எனக்குத் தெரியாது. எவ்வளவு தெரியாமல் போயிருக்கிறது.

பையிலிருந்து சுடுதண்ணிப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். "உங்கட வீட்டில இராது எண்டு தெரியும். பிளேன்டீ ஊத்திக் கொண்டு வந்தனான்."

மேசையில் ஒரே ஒரு சோற்றுக் கோப்பை. பார்த்தாள்.

"நான் மட்டுமோ?"

சொன்னேன். முகம் கறுத்துப் போயிற்று. "பச்சைத் தண்ணியில முக்கிப்போட்டு அடுத்த நாள் பட்டினியோ? இதென்ன மார்க்கம்? வாங்கோ எண்டு சொல்லிப்போட்டு அவமானப்படுத்துறியோ?" பையை எடுத்தாள்.

நான் பையைப் பிடித்தேன். றூத்துக்குத்தான் வாய் வந்தது. பசியில் அவளுக்கு நாக்கு இன்னும் கூர்.

"பெரியம்மா, அம்மா மாசா மாசம் சாப்பிடாம இருக்கிறது நீங்க இந்த வீட்டுக்கு வரோணும் எண்டுதான். இண்டைக்கும் அதுக்குத்தான்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மீன் கறியைப் பார்த்தாள். பிறகு மூடியை எடுத்து மூடினாள்.

"எத்தினை மணிக்கு முடியும்?"

"ஆறுக்கு."

"இருக்கிறன்."

என் கட்டிலில் படுத்தாள். ஜோயல் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டான். நான் அறை வாசலில் கதிரை போட்டு இருந்தேன்.

நாலு மணிக்கு எழும்பி வந்தாள். மேசையில் போத்தல். இருவரும் அதைப் பார்த்தோம்.

"குடியுங்கோ அக்கா. உங்களுக்குத் தடையில்லைத்தானே."

"நீ இப்பிடிப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு இறங்காது."

முழங்காலைப் பற்றிச் சொன்னாள். கந்தோரில் புதிதாக வந்த பெரியவரைப் பற்றிச் சொன்னாள். நான் இவரின் வேலை, றூத்தின் வாய், எல்லாம் சொன்னேன். ஆறு மணியாகிவிட்டது தெரியவில்லை.

இவர் ஜெபித்தார். முடிவில் அக்கா எல்லோருக்கும் தெரியப் பெரிதாகச் சிலுவை போட்டாள். பிறகு இரண்டு தரம் மீன் கேட்டாள்.

"சூடாக்கித் தா." போத்தலில் தேநீர் ஆறிப்போயிருந்தது. சின்னச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். வீடு முழுக்க அந்த வாசம். அக்கா சீனிப் போத்தலைத் தானே தேடி எடுத்தாள். என் கையைப் பிடித்து விரித்து ஒரு கரண்டி சீனி போட்டாள்.

"நீ சீனிய நக்கு. நான் குடிக்கிறன்."

அழுதுவிட்டேன். நாற்பத்திரண்டு வயதில், சீனி ஒட்டிய கையோடு.

பஸ்ஸடியில் நின்று அக்கா: "அடுத்த மாசமும் முதல் ஞாயிறு கூப்பிட்டிராதை. மனிசருக்குப் பசிக்கும்."

யூலை 7, திங்கள்

மழை திரும்ப. துவாய்கள் ஈரம். ஜோயலுக்குத் தடிமன், அக்கா கேட்டால் என்னைக் கொல்லுவாள். மாலை குடும்பக் கூடல், பாட்டு றூத்தின் முறை.

சின்னச் சட்டி இன்னும் அடுப்பில், அடியில் தேநீர்க் கறையோடு. றூத் கழுவ எடுத்தாள்.

ஊறட்டும், வை என்றேன்.